விடுதிப் பிள்ளையிடம் வீட்டுத் துக்கத்தை மறைக்காதீர்கள்

கொங்கு வட்டாரத்து விடுதிப் பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிகள் எப்படி நடக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் என் அப்பா தவறிவிட்டார். என் தங்கை மகன் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறான். மூத்த பேரன், நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டியவன். காலையிலேயே பள்ளிக்குப் போன் செய்தோம். "ரிவிஷன் டெஸ்ட் நடக்குதுங்க, இப்பச் சொன்னா பையன் மனசு கலைஞ்சிரும். முடியட்டுங்க, நாங்களே பக்குவமாச் சொல்றோம்" என்றார் வார்டன். மாப்பிள்ளை நேரில் போய்க் கேட்டார். கேட்டைத் தாண்ட விடவில்லை. கருமாதி முடிந்தும் பையனுக்குச் சேதி போகவில்லை.

டெஸ்ட் முடிந்து ஊருக்கு வந்தவன் திண்ணையைப் பார்த்தான். கயிற்றுக் கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். "அப்புச்சி தோட்டத்துக்குப் போயிட்டாருங்களா மாமா?" என்று கேட்டான். நான்தான் சொன்னேன். அவன் அழவில்லை. அவன் அம்மா உடைந்து அழுதபோதுகூடப் பக்கத்தில் போய் உட்காரத் தெரியாமல், வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஐயா, துக்க வீட்டில் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகள் துக்க வீட்டில்தான் கற்றுக்கொள்கிறார்கள். யார் தோளைப் பிடிப்பது, யாருக்குத் தண்ணீர் கொடுப்பது, எப்போது சும்மா இருப்பது என்பதெல்லாம் அங்கே பார்த்துப் பார்த்து வருவது. அந்த இடத்துக்கே நீங்கள் அனுப்பவில்லை. இவன் நீட் எழுதப் போகிறவன். நாளை கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ ஐசியூ வாசலில் நின்று, "உங்க அப்பா பிழைக்கலைங்க" என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல வேண்டியவன். 2019இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தை மாற்றியபோது, நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசும் முறைக்கென்றே பயிற்சியைச் சேர்த்தார்கள். பதினேழு வயதில் நீங்கள் தடுத்ததை அவர்கள் அங்கே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

மார்க் குறையும் என்பீர்கள். உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களை, சுமார் 2,70,000 மாணவர்களின் தரவுகளோடு ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பிள்ளைகளின் பாட மதிப்பெண்ணும் கூடித்தான் இருந்தது.

விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். காய்ச்சல் வந்த நண்பனுக்குத் துணையாக இருந்தால் படிப்பு நேரத்தைத் தவறவிட்டதற்குத் திட்டு. பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் மார்க் போட்ட ஃபிளெக்ஸ் நிற்கிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரனைப் போட்டியாளனாகவே பார்த்து வளர்ந்தவன், கல்லூரியில் ஒரு நண்பன் உடைந்துபோனால் எப்படிக் கவனிப்பான்?

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான். வீட்டில் சாவு என்றால் அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லி, அன்றைக்கே அனுப்பி வையுங்கள். எந்தத் தேர்வும் அதற்குத் தடையாக வேண்டாம். தவறவிட்ட டெஸ்டைத் திரும்பி வந்ததும் எழுதட்டும். வரும் ஜூன் மாதச் சேர்க்கைப் படிவத்திலேயே இதை விதியாக அச்சிட்டு, வார்டன்களிடமும் கேட் காவலர்களிடமும் சொல்லிவிடுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விடுதி மாணவனின் தாய்மாமன்