பின்பக்க காயில் ஸ்பிரிங் கிட்டில் சைலன்சர் பைப் இடிப்பது பற்றிய புகார்

ஐயா,

நாலு தடவை போன், ரெண்டு மெயில், ஒரு தடவை நேரில் வந்தும் ஆயிற்று. அலைந்து ஓய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

என் 1978 அம்பாசடர் மார்க் 3-க்கு, பழைய பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு உங்கள் காயில் ஸ்பிரிங் கிட்டை வைகாசியில் மாட்டினேன். "பழைய சைலன்சர் பைப்பே உட்காரும் சார், ஒரு வெட்டு வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்றீர்கள். பட்டை இருந்தவரை ஹவுசிங்குக்கு (பின் அச்சின் கூட்டுக்கு) மேலே தாராளமாகப் போன பைப், இப்போது உங்கள் கிட்டோடு வந்த, அச்சையும் பாடியையும் இணைக்கும் குறுக்குக் கம்பியில் இடிக்கிறது. பின்சீட்டில் மூணு பேர் ஏறினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டங்' என்று ஒரு அடி.

போன வாரம் போனை எடுத்த தம்பி, "பழைய இரும்பை வெச்சுக்கிட்டு ஏன் சார் எங்க உயிரை எடுக்கிறீங்க" என்றார். அது என் அப்பா வாங்கிய வண்டி ஐயா. அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

ஆடியில் மதுரையிலிருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சத்தத்தோடே கோயம்புத்தூர் வந்தேன். மூணு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, லிஃப்டில் தூக்கிப் பார்த்து "கேப் இருக்கே" என்றார்கள். சக்கரம் தொங்கினால் கேப் இருக்கத்தானே செய்யும்! கீழே இறக்கி ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டாமா? பைப் பாடியில் தொங்குகிறது, ஹவுசிங் ஏறி இறங்குகிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? பைப்பை ஹவுசிங்குக்குக் கீழே விடச் சொன்னது அதைவிட மோசம். முதல் பள்ளத்திலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும்.

போட்டோ இணைத்திருக்கிறேன். பைப்பின் அடிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குச் சப்பையாகிப் பளபளக்கிறது. பக்கத்து ரப்பர் புஷ் சூட்டில் இளகிப் பிசின் மாதிரி விரலில் ஒட்டுகிறது. ஆவணியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் என்றிருந்தோம். வாடகைக் காரில் நடந்தது. அந்த நாளுக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

தயவுசெய்து கம்பியைச் சுற்றிப் போகிற மாதிரி பைப்பை உங்கள் செலவில் வளைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் கிட்டைக் கழற்றிக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பத்து நாள் பார்ப்பேன். அதற்குமேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போகும். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். இந்த முறை அலையப்போவது நீங்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், மதுரை

பி.கு.: போனில் பேச வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும்.