வால்யூமைக் குறைத்தாலும் பாட்டு குறையவில்லை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய். அதற்காக நடையை விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் தூக்கம் சரியில்லை. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் விழித்துக்கொள்கிறார். எனக்கு ஓய்வு கிடைப்பதோ ராத்திரியில்தான். அதனால் பாட்டு கேட்பதே கிட்டத்தட்ட நின்று போயிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும், சொல்? நீ கேட்டிருந்த ஆம்ப்ளிஃபயர் கதை இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆமாம், வாங்கிவிட்டேன். யமஹா ஏ-எஸ்301. இடது, வலது என்று இரண்டு சேனல் மட்டும் உள்ள, பழைய பாணி ஸ்டீரியோ ஆம்ப். சேனலுக்கு 60 வாட். அந்த நிறுவனத்தின் வரிசையில் கீழ்ப்படிகளில் இருப்பது, நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகக்கூடியது. பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பது தெரிகிறது, சுமார் 9 கிலோ. முன்பக்கம் பளபளப்பு இல்லாத அலுமினியம். வலது கோடியில் பெரிய வால்யூம் குமிழ், நடுவில் பேஸ் (அடி ஸ்வரம்), ட்ரெபிள் (உச்ச ஸ்வரம்), பேலன்ஸ் (இடது, வலது அளவு), லவுட்னெஸ் (இதைப் பின்னால் சொல்கிறேன்) என்று சின்னக் குமிழ்கள். திரை கிடையாது, மெனு கிடையாது. எதைத் திருப்பினால் என்ன நடக்கும் என்பது பார்த்தாலே புரிகிறது.

“60 வாட் போதுமா, 100 வாட்டாகப் பார்த்து எடுத்திருக்கலாமே” என்று கேட்டிருந்தாய். முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம். சாதாரணமான சின்ன ஸ்பீக்கரின் விவரத்தாளில் 87 டெசிபல் என்பது போல ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். வீட்டுக்குள் அதுவே பலமான சத்தம். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும், பத்து மடங்கு ஆக்கினால் 10. ஆக, 10 வாட்டில் 97, 60 வாட்டில் கிட்டத்தட்ட 105, 100 வாட்டில் 107. 60க்கும் 100க்கும் நடுவில் உன் காதுக்குக் கிடைப்பது இரண்டு டெசிபலும் கொஞ்சமும். சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். 1978இல் வந்த நாட் 3020 என்ற ஆம்புக்குக் காகிதத்தில் வெறும் 20 வாட்தான். இன்றைக்கும் அதைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, வீட்டில் வைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் நீயும் ஒரு அறையில் உட்கார்ந்து கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஓடுவது ஒரு வாட்டுக்கும் கீழேதான். அதனால் அந்த ஒரு வாட் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்த ஆம்ப் என்னை மடக்கிப் போட்டது அந்த இடத்தில்தான்.

வால்யூமைக் குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடுவதை நீயும் கவனித்திருப்பாய். பாடுகிறவர் குரல் கேட்கும். மிருதங்கத்தில் வலந்தலைச் சொற்கள்கூடக் கேட்கும். ஆனால் தொப்பி என்கிற இடப்பக்கத்திலிருந்து வரும் கும்கி என்ற அடி நாதம் எங்கேயோ காணாமல் போயிருக்கும். ஆம்ப் மேலும் தப்பில்லை, ஸ்பீக்கர் மேலும் தப்பில்லை. நம் காது அப்படி. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, அடி ஸ்வரங்களைக் கேட்கும் திறன் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நடு ஸ்வரம், 40 டெசிபலில் கேட்கிறது என்று வை. 100 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது அடி ஸ்வரம், அதே அளவுக்குக் காதில் விழ வேண்டுமானால் 60 டெசிபலுக்கும் மேலே போக வேண்டும். ராத்திரி வால்யூமை இறக்கினால் பேஸ் மட்டும் ஏன் முதலில் காலாவதி ஆகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இதற்குத்தான் பழைய ஆம்ப்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் பேஸ் தடாலென்று ஏறும். அளவு ஒன்றே ஒன்றுதான், வேண்டும் அல்லது வேண்டாம். அதனாலேயே பலருக்கு அதன் மேல் வெறுப்பு. யமஹாக்காரர்கள் 1970களிலேயே தங்கள் ரிசீவர்களில் அதைப் படிப்படியாகத் திருப்பக்கூடிய குமிழாகப் போட்டார்கள். அந்தக் குமிழ் இந்த விலை குறைந்த மாடலிலும் அப்படியே இருக்கிறது.

அதைப் பயன்படுத்தும் விதம் கொஞ்சம் வித்தியாசமானது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். லவுட்னெஸ் குமிழை முதலில் ‘ஃப்ளாட்’ என்ற இடத்தில் வைத்துக்கொள். பிறகு வால்யூமை, நீ சத்தமாகக் கேட்கிற நாளில் எவ்வளவு வைப்பாயோ அவ்வளவுக்கு ஏற்று. இனி வால்யூமைத் தொடக்கூடாது. சத்தத்தைக் குறைக்க லவுட்னெஸ் குமிழையே திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப நடு ஸ்வரங்கள் இறங்குகின்றன. அடியும் உச்சியும் அவ்வளவாக இறங்குவதில்லை. கடைசி வரைக்கும் போனால் 30 டெசிபல் குறைப்பு. அதாவது இது பேஸைக் கூட்டுகிற குமிழ் இல்லை. காதுக்குத் தேவைப்படாததை மட்டும் குறைத்துக்கொண்டே போகிற குமிழ். இதைப் புரிந்துகொள்ளாமல் வால்யூமைக் கீழே வைத்துக்கொண்டு லவுட்னெஸைத் திருப்பினால், இருக்கிற சத்தமும் போய்விடும். “இதென்ன, ஒன்றுக்கும் உதவாதே” என்றுதான் தோன்றும்.

ராத்திரியில் இப்போது குமிழைப் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி வைத்துக் கேட்கிறேன். அடுத்த அறையில் அம்மாவுக்கு ஒன்றும் கேட்பதில்லை. எனக்கு மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் கேட்கிறது. தம்புராவின் அடி ஸ்வரம் குரலுக்குக் கீழே விரிந்து கிடப்பது தெரிகிறது. பழைய ஆம்பில் இன்னொரு தொந்தரவும் இருந்தது. வால்யூமை ரொம்பக் கீழே கொண்டுபோனால் ஒரு பக்கம் மட்டும் கேட்டு, பாடகர் இடது ஓரமாக நகர்ந்துவிடுவார். மலிவான வால்யூம் குமிழ்களுக்கு உள்ள வியாதி அது. ஆரம்ப இடத்தில் இரண்டு சேனலும் ஒரே அளவாக ஏறாது. இங்கே வால்யூம் எப்போதும் நடுவாந்திரமாகவே நிற்பதால் அந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. குரல் நட்ட நடுவில் நிற்கிறது.

மற்றபடி ஒலி எப்படி என்றால், சுத்தமாக இருக்கிறது, நிதானமாக இருக்கிறது. பாட்டு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலே லேசாகத் தெரிகிறது. ஆம்பை மாற்றியதும் உலகமே மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிட, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதால் வருகிற வித்தியாசம் பெரிது. ‘ப்யூர் டைரக்ட்’ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ், லவுட்னெஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒலி நேராகப் போகும். கொள்கைக்காரர்களுக்கு அது பிடிக்கும். பகலில், நல்ல சத்தத்தில் கேட்கும்போது நானும் போட்டுப் பார்க்கிறேன். ராத்திரியில் அந்தப் பட்டன் பக்கமே போவதில்லை.

சேர்க்கிற இடங்கள் எனக்குப் போதும். சிடி, ரேடியோ போன்றவற்றுக்கான வழக்கமான சாக்கெட்டுகள், டிவிக்கு ஆப்டிகல், கூடவே கோஆக்ஸியல் என்று இரண்டு டிஜிட்டல் சாக்கெட்டுகள், தனியாக சப்வூஃபருக்கு (அடி ஸ்வரங்களுக்கான ஸ்பீக்கர்) ஒன்று. ப்ளூடூத் உள்ளே கிடையாது, வேண்டுமென்றால் தனிக் கருவி செருக வேண்டும். டிவியை ஆப்டிகலில் இணைத்தால் ஒரு விஷயத்தை நினைவில் வை. இந்த ஆம்புக்குச் சுருக்காத டிஜிட்டல் ஒலியான இரண்டு சேனல் பி.சி.எம். மட்டும்தான் புரியும். டிவி மெனுவில் ஒலி வெளியீட்டைப் ‘பி.சி.எம்.’ என்று மாற்றாவிட்டால் சத்தம் வராமல் போகலாம். ஆம்ப் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடாதே.

உன் டர்ன்டேபிளையும் இதில் நேராகச் சேர்க்கலாம். பின்னால் ‘ஃபோனோ’ என்று இருக்கிற இடம் மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கானது (ஊசியைத் தாங்கும் பகுதி). சிடி பிளேயர் 2 வோல்ட் கொடுக்கிறது என்றால், ரிக்கார்டு ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை உயர்த்துவது மட்டுமில்லை, ரிக்கார்டில் வெட்டும்போது குறைத்து வைத்த பேஸைத் திருப்பிக் கூட்டவும் வேண்டும். அந்த இரண்டு வேலையையும் உள்ளேயே செய்துவிடுகிறது. டர்ன்டேபிளின் தரைக் கம்பியை (எர்த் ஒயர்) சேர்க்க மறக்காதே, இல்லையென்றால் ‘ம்ம்ம்’ என்று உறுமும்.

அப்புறம், கிளாஸ் டி என்ற வகையைச் சேர்ந்த கையடக்கமான ஆம்ப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவற்றை நான் மட்டமாக நினைக்கவில்லை. வாங்கும் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன, அதிகம் சூடாவதில்லை, புத்தகம் அளவு இடம் போதும். மேஜை மேல் வைத்துக் கேட்க அதைவிட மலிவாக நல்லது கிடைக்காது. ஆனால் பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து வாங்காதே. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சதவீதத் திரிபு (ஒலி உருக்குலையும் அளவு) என்று தேடு. பல நேரம் 4 ஓமில், 10 சதவீதத் திரிபில் எடுத்த எண்ணாக இருக்கும். 10 சதவீதம் என்றால் பாட்டு கரகரவென்று உடைகிற நிலை. கூடவே வருகிற அடாப்டர் சின்னதாக இருந்தால் அந்த எண்ணும் வராது. யமஹாவின் 60 வாட் என்பது 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.019 சதவீதத் திரிபில் சொன்னது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

சின்னப் பெட்டிகளில் இன்னொன்றும் உண்டு. வெளியேறும் வழியில் இருக்கிற வடிகட்டி, எந்த ஸ்பீக்கரை மாட்டுகிறாயோ அதைப் பொறுத்து உச்ச ஸ்வரங்களைக் கொஞ்சம் ஏற்றும் அல்லது இறக்கும். நல்ல வடிவமைப்புகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. ஒரே பெட்டியை ஒருவர் ‘கூர்மை’ என்றும் இன்னொருவர் ‘மந்தம்’ என்றும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கினால் மாட்டும்போது கவனமாக இரு. ஸ்பீக்கர் ஒயரின் தோலை உரித்ததும் இழைகளை நன்றாக முறுக்கிவிட்டுச் செருகு. ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் வருகிறது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது, வெட்டின முனையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். ஆயிரம் பெருமை சொல்லி விற்கிற விலையுயர்ந்த ஒயர் எதுவும் வேண்டாம். ஆம்பின் மேல் காற்று போக இடம் விடு. யமஹா கிளாஸ் ஏபி என்ற வகை, கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். சுவிட்சைப் போட்டதும் சில நொடி சத்தமே வராது. உள்ளே ‘டக்’ என்று ரிலே (மின் சுவிட்ச்) விழுந்த பிறகுதான் ஸ்பீக்கர் இணையும். ஆரம்பத்தில் வருகிற மின் அதிர்ச்சி ஸ்பீக்கரில் போய் அடிக்காமல் இருக்கத்தான் அந்தத் தாமதம்.

ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், லவுட்னெஸை ரிமோட்டில் மாற்ற முடியாது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த்தான் திருப்ப வேண்டும். உன் முழங்காலுக்கு அதுவும் நல்லதுதான் என்று வைத்துக்கொள்.

முடிவு செய்வதற்கு முன் எனக்கு ஒரு காரியம் செய். உன் ஸ்பீக்கர்களின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து, எத்தனை ஓம், சென்சிட்டிவிட்டி (மேலே சொன்ன 87 போன்ற எண்) எத்தனை டெசிபல் என்று எழுதி அனுப்பு. அறையின் நீள அகலமும் வேண்டும், நீ எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து கேட்பாய் என்பதும் வேண்டும். 4 ஓம் என்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை வரும்போது உன் ரிக்கார்டுகளில் நாலைந்தைக் கொண்டுவா. மகளிடம் என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்