கட்டையில் முளைத்த காளான்

அன்புள்ள ராசாவுக்கு,

நீ அனுப்பிய படத்தை ராத்திரி நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டுப்போன கட்டையில் கொத்தாக, தேன் நிறத்தில் சின்னச் சின்னக் குடைகள். "தாவரவியல் வாத்தியார்தானே, தின்னலாமா சொல்லுங்கப்பா" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை ஐயா. படத்தைப் பார்த்து யார் சொன்னாலும் நம்பாதே.

ஆச்சி சாரல் காலத்தில் புளியரை வயக்காட்டுப் பக்கம் புற்றுக் காளான் பறித்து வருவாளே, நினைவிருக்கிறதா? காம்பு வேர் மாதிரி மண்ணுக்குள் நீண்டு கரையான் புற்று வரைக்கும் போகும். அதைத் தோண்டிப் பார்த்துதான் எடுப்பாள். மரத்தில் முளைத்த பழுப்புக் காளான் பக்கம் திரும்பவே மாட்டாள்.

படித்த திமிரில் நான் ஒரு சாரலின்போது குண்டாறு போகும் வழியில் ஏழெட்டுப் பழுப்புக் காளான்களைப் பொறுக்கி வந்தேன். குடைகளை வெள்ளைத்தாளில் வைத்து டம்ளரால் மூடினேன். காலையில் எல்லாத் தாளிலும் காளானின் வித்துத்தூளான பழுப்புப் பொடிதான் உதிர்ந்திருந்தது. ஈரத்தில் ஒரு நிறம், மத்தியானம் காய்ந்ததும் வேறு நிறம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தும் ஒன்றுக்குக்கூட என்னால் பெயர் சொல்ல முடியவில்லை.

உன் ஜெர்மனியில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே கட்டையில் வளரும் குனேரோமைசிஸ் என்ற காளானைச் சமைத்துத் தின்கிறார்கள். கலெரினா என்ற விஷக் காளானும் அதே மாதிரி கட்டையில் வளரும், அதே பழுப்புப் பொடி, காம்பில் அதே மாதிரி மெல்லிய வளையம். சில சமயம் இரண்டும் ஒரே கட்டையில் முளைக்கும். குனேரோமைசிஸ் காம்பில் செதில் இருக்கும், கலெரினா காம்பில் வெள்ளை நார் இழை இருக்கும். நல்ல மழை அடித்தால் அந்த வித்தியாசமும் அழிந்துவிடும். கலெரினாவில் இருப்பது அமடாக்சின், ஈரலைத் தின்னும் விஷம். வேகவைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். அப்புறம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஈரல் கெடுவது அதற்குப் பிறகு.

அங்கே காளான் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆசை இருந்தால் காம்பின் அடியோடு எடுத்துப் போய் அவர்கள் கையில் கொடு. ஏற்கெனவே வாயில் வைத்திருந்தால், வயிறு நன்றாக இருந்தாலும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு.

அப்பா
செங்கோட்டை