பிப்ரவரிக் கட்டம் காலியாக இருக்கிறது

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல். அமெரிக்காவின் மற்ற ஊர்ச் சங்கத்தாரும் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை.

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிரலை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஜனவரியில் பொங்கல், ஏப்ரலில் சித்திரைத் திருநாள், ஜூனில் பூங்காவில் கூட்டாஞ்சோறு, ஆகஸ்டில் தமிழ்ப் பள்ளித் தொடக்கம், அப்புறம் தீபாவளி, டிசம்பரில் பொதுக்குழு. பிப்ரவரிக் கட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. அங்கே 19 என்று எழுதி, ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்க 1942இல் ஆணை பிறந்த அந்த நாளை நினைக்க, அதை ஒட்டி ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன பொதுக்குழுவில் இதை வாயால் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கிடைத்தது. "அண்ணே, அது ஜப்பான்காரங்க விஷயமாச்சே, நமக்கு எதுக்கு? அதுவும் எம்பது வருஷத்துக்கு முந்தி நடந்தது" என்றார் ஒரு தம்பி. கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தீபாவளிச் சாப்பாட்டுக் கணக்கு வந்துவிட்டது. இட்லி எண்ணிக்கையில் விழுந்த துண்டுக்கு முன்னால் சரித்திரம் எப்படி நிற்கும்? அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

1942 பிப்ரவரி 19. ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிப் பத்து வாரம் கடந்திருந்தது. 9066 என்று எண்ணிட்ட ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அந்த ஆணையைத் தேடி எடுத்துப் படியுங்கள். ஜப்பானியர் என்ற சொல்லே அதில் இல்லை. இராணுவம் தான் வரையறுக்கும் பகுதியிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்று பொதுப்படையாகத்தான் இருக்கும். யாரை என்று ஊருக்கே தெரிந்திருந்தது. தந்திக் கம்பங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். கடையும் தோட்டமும் தையல் மிஷினும் கேட்ட விலைக்குப் போயின. ஏறக்குறைய 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இங்கேயே பிறந்த குடிமக்கள். வழக்கும் கிடையாது, விசாரணையும் கிடையாது.

பார்ட் ரயிலில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் சான் புரூனோ நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை அழைத்துவர நான் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒருநாள் ரயில் கோளாறாகி அங்கே இறங்க நேர்ந்தபோதுதான், நிலையத்துக்கு வெளியே இருக்கும் சிலையைப் பார்த்தேன். இரண்டு சின்னப் பெண்கள், மேலங்கியில் ஆளுக்கொரு அட்டை தொங்குகிறது. பெட்டிக்கும் அட்டை, பிள்ளைக்கும் அட்டை. அதில் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட எண். டான்ஃபோரான் என்ற குதிரைப் பந்தய மைதானம் அங்கே இருந்தது. சுமார் 8,000 பேரை மாதக்கணக்கில் அதில் வைத்திருந்தார்கள். பல குடும்பங்களுக்குக் கிடைத்தது குதிரை லாயம். அவசரமாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், நாற்றம் மட்டும் போகவில்லை. அங்கிருந்து பாலைவனத்திலிருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். அப்படிப் பத்து முகாம்கள்.

அந்த மைதானம் பிற்பாடு ஷாப்பிங் மால் ஆனது. தள்ளுபடி விலையில் குளிர்கால ஜாக்கெட் வாங்கியவர்கள் நம்மிலும் இருப்பார்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நடந்தது நடந்துவிட்டது, வருஷா வருஷம் நாள் குறித்துக் கூடுவதால் என்ன ஆகப்போகிறது? இந்தத் தேதியைப் பொறுத்தவரை இதற்குக் கைமேல் பதில் இருக்கிறது. முகாமிலிருந்து திரும்பியவர்கள் முப்பது ஆண்டுக்கு மேல் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அவமானம். பல வீடுகளில் "கேம்ப்" என்ற சொல் காதில் விழும்போது, ஏதோ கோடைக்கால முகாம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறார்கள். 1976 பிப்ரவரி 19 அன்று, அதே தேதியில், அதிபர் ஃபோர்டு அந்த ஆணை செல்லாது என்று முறைப்படி அறிவித்தார். அதன் பிறகு 1978 நவம்பரில் சியாட்டிலில் ஒரு சனிக்கிழமை, முதல் 'நினைவு தினம்' என்று அழைப்பு விட்டார்கள். யார் வருவார்கள் என்று தெரியாது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். கார்கள் வரிசை கட்டி, 1942இல் முகாமாக இருந்த புயாலப் சந்தை மைதானத்துக்குப் போயின. அந்தப் பழைய அட்டையைப் போலவே ஓர் அட்டையை மறுபடி சட்டையில் குத்திக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை தாங்களாகவே.

அந்த ஊர்வலத்தில் அடைப்பு உடைந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு முன்னால் 1981இல் 750க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். அப்பா அழுவதைப் பிள்ளைகள் அங்கேதான் முதல் முறையாகப் பார்த்தார்கள். இனவெறுப்பு, போர்க்காலப் பதற்றம், அரசியல் தலைமையின் தோல்வி, இந்த மூன்றும்தான் காரணம் என்று குழு எழுதி வைத்தது. 1988 ஆகஸ்ட் 10 அன்று ரேகன் கையெழுத்திட்ட சட்டம் மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. பணம் பெரிதா சிறிதா என்பது வேறு பேச்சு. வாய் திறக்காத ஒரு சமூகத்தைப் பேச வைத்ததில் காலண்டரில் குறித்த ஒரு நாளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்கு இது புரியாத விஷயமா? அமாவாசைக்கும் திதிக்கும் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிற ஊர்க்காரர்கள் நாம். பெயரைச் சொல்வதற்கு ஒரு நாள் இல்லாவிட்டால், மூன்றாம் தலைமுறையில் பெயரே போய்விடும் என்பது எங்கள் பாட்டிக்குத் தெரியும். நம்மோடு இருக்கும் ஈழத்துக் குடும்பங்களுக்கோ இதை யாரும் விளக்கவே வேண்டாம். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 அன்று அவர்கள் கஞ்சி காய்ச்சி வட்டிலில் ஊற்றும்போது நாம் போய் நிற்கிறோம் அல்லவா?

"சரி அண்ணே, ஆனாலும் அது அவங்க கதைதானே" என்று தம்பி விடமாட்டார். அவருக்கு இன்னொரு பிப்ரவரி 19 வைத்திருக்கிறேன். இது 1923.

பகத் சிங் திண்ட் என்று ஒரு பஞ்சாபி. முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர். அப்போது குடியுரிமைச் சட்டம் 'வெள்ளையர்', 'ஆப்பிரிக்க வம்சாவளியினர்' என்ற இரண்டே பிரிவுக்குத்தான் வாசல் திறந்திருந்தது. 1918இல் சீருடையோடு நின்ற திண்டுக்குக் குடியுரிமை கொடுத்து, சில நாளிலேயே பிடுங்கினார்கள். 1920இல் ஆரிகனில் மறுபடி வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்னால்தான் ஒசாவா என்ற ஜப்பானியரின் மனுவை, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், நீங்கள் அந்த இனம் இல்லை என்று அதே நீதிமன்றம் தள்ளியிருந்தது. திண்ட், நான் காக்கேசியன்தான், உங்கள் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள் என்றார். விஞ்ஞானம் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதனின் கண்ணுக்கு யார் வெள்ளையர் என்று படுகிறதோ அவரே வெள்ளையர் என்று 1923 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லாந்து. இங்கிலாந்தில் பிறந்து இங்கே குடியேறியவர். இட்டுக்கட்டி எழுதினால் இப்படி எழுத வராது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நெளியவும் வேண்டியிருக்கிறது. திண்டின் தரப்பு, சாதியை ஒழுங்காகக் காத்த உயர்சாதி ஆரியன் நான், எங்கள் நாட்டுப் பூர்வகுடிகளை நாங்களும் தள்ளித்தான் வைத்திருக்கிறோம் என்ற போக்கில் வாதாடியது. அந்த வாதம் ஜெயித்திருந்தால் மதுரைக்காரனும் யாழ்ப்பாணத்தானும் எங்கே நின்றிருப்பார்கள்? அன்ரிசர்வ்டு பெட்டியில் முண்டியடித்து ஏறியவர், ஏறியதும் கதவைச் சாத்தப் பார்ப்பார் இல்லையா, அந்த வேலைதான். பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அநியாயம் நடந்தது உண்மை, அநியாயத்துக்கு ஆளானவரின் வாதம் அழகாக இல்லை என்பதும் உண்மை.

தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து அதைப் பறித்தார்கள். அவர்களில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய். 1915இல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியவர். கடை வைத்தார், 1921இல் குடிமகன் ஆனார். குடியுரிமை போனதும் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் போனது, கடையும் போனது. 1928இல் இந்தியாவுக்குப் போய்வர நினைத்தார். அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடையாது, வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போ என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாம் என்றுதானே அந்த மனிதர் கப்பலேறினார்? சான் ஹோசேயில் ஓர் அறை எடுத்து, அங்கே உயிரை மாய்த்துக்கொண்டார். முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் இருந்த பாலமும் எரிந்துவிட்டது, பொன்னாலான கூண்டில் வாழ்ந்து என்ன பயன் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார். இதே குடும்பம் ஒருகாலத்தில் பெர்க்லியில் வீடு வாங்கி, சாமானோடு போய் இறங்கியபோது, அண்டை வீட்டார் உள்ளே விடாமல் கதவைப் பூட்டியிருந்தார்கள். இன்று அதே பெர்க்லியில் ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர். பெர்க்லியில் மாணவர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் அந்தத் தெருப் பலகையைக் கடந்துதான் தோசை சாப்பிடப் போகிறார்கள்.

ஆக, ஒரே தேதியில் இரண்டு அநியாயம், பத்தொன்பது வருட இடைவெளியில். 1923இல் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். 1942இல் குடியுரிமை இருந்தும் அது உதவவில்லை.

பழைய கதை என்று இனியும் தோன்றுகிறதா? 2025 ஜனவரி 20 இரவு நம் வாட்ஸ்அப் குழு எப்படி இருந்தது என்று திருப்பிப் பாருங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று ஆணை வந்திருந்தது. எச்-1பி குடும்பங்களும் அதில் அடக்கம். நடுராத்திரி வரை செய்தி மேல் செய்தி. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், "எனக்கு மார்ச்சில் தேதி, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். அன்றிரவே வழக்குகள் தொடங்கின. வழக்கறிஞர்கள் முதலில் கையில் எடுத்தது 1898 மார்ச் 28ஆம் தேதித் தீர்ப்பை. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர், கப்பலிலிருந்து இறங்க விடாமல் தடுக்கப்பட்டு, வழக்காடி, இந்த மண்ணில் பிறந்தவன் குடிமகனே என்று வாங்கிய தீர்ப்பு. நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டே அந்த மனிதர் போட்ட பிச்சை. எங்கள் குழுவில் 240 பேர். அன்று இரவு அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. நானும் போடவில்லை, எனக்கே அப்போது தெரியாது. ஆறு நாள் கழித்துத்தான் படித்தேன்.

அக்டோபர் 3ஐயும் சேர்க்கச் சொல்லலாம். 1965இல் அன்றுதான் லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் உட்கார்ந்து புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற கணக்கு. அதே ஆண்டு மார்ச்சில் அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்ட கறுப்பின மக்கள் அடிவாங்கிக் கிளப்பிய அலை இல்லாமல் அந்தச் சட்டம் இல்லை. நம் சங்கமும் இல்லை. ஆனால் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் நடக்காது என்பது எனக்கும் தெரியும். முதலில் ஒரு நாள்.

சான் ஹோசே ஜப்பான்டவுனில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நினைவு தினக் கூட்டம் நடக்கிறது. இரண்டு தடவை போயிருக்கிறேன். முகாமின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுகிறார்கள். பிறகு இருட்டில் தெருவில் நடக்கிறோம். 2001 செப்டம்பருக்குப் பிறகு, நம் ஆட்கள் காருக்குக் கார் கொடி ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்த நாட்களில், முஸ்லிம்களுக்காக முதலில் வந்து நின்றவர்களில் இந்தக் கூட்டத்து முதியவர்களும் உண்டு. போன தடவை என் பக்கத்தில் நடந்த பாட்டி, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். இந்தியா, தமிழ்நாடு என்று தொடங்கினேன். "இல்லை இல்லை, இன்று எந்த ஊரிலிருந்து காரில் வந்தீர்கள்? மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டுமே" என்றார்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிப்ரவரி 19ஐ ஒட்டிய சனிக்கிழமை மாலை, தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே ஹால். மேல்வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் திண்ட், கலா பகாய், வாங் கிம் ஆர்க், டான்ஃபோரான் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் தமிழில் பேசட்டும். "குடியுரிமை", "முகாம்", "தீர்ப்பு" என்ற சொற்களை அவர்கள் பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட இதில் நன்றாகப் படிப்பார்கள். ஜப்பான்டவுன்காரர்கள் யாரையாவது அழைத்து வருவது என் பொறுப்பு. சுண்டலும் காப்பியும் என் செலவு, இட்லிக் கணக்கு வராது. ஹால் சாவி மட்டும் செயலாளரிடம் இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்துக்குள் ஆமா, இல்லை என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி வைக்காத ஓர் உறுப்பினர்