டிக் போடக் கட்டம் இல்லாத பழுது

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். என் புகார் எண்கள் மூன்றும் உங்கள் கணினியில் இருக்கின்றன. மூன்றும் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் இருக்கும். அதனால் எப்போது வாங்கினேன், பில் எங்கே, வாரண்டி எத்தனை மாதம் பாக்கி என்பதையெல்லாம் நான்காவது தடவையாக ஒப்பிக்கப் போவதில்லை. நேற்று மூன்றாவது முறையாக என் ஹெட்செட் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தது. கூடவே வந்த ஜாப் ஷீட்டில் அதே மூன்று சொற்கள்: ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’, அதாவது பழுது எதுவும் இல்லையாம். அதைப் படித்த பிறகுதான் இனிமேல் உங்களுக்கு எழுதுவதை ஊரறிய எழுதுவது என்று முடிவு செய்தேன்.

இது சத்தத்துக்கேற்ப அதிரவும் செய்கிற ஹெட்செட். அதன் இடது பக்கம் இப்போது அதிர்வதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். வயர் இல்லாமல் இணைக்கிற அந்தக் குட்டி டாங்கிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள், அதிர்வை ஆன் செய்யுங்கள், ஹெட்செட்டைத் தலையில் மாட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்று முறையும் யாரும் மாட்டிப் பார்க்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முதல் முறை உங்கள் பிரிவிலிருந்தே மின்னஞ்சல் வந்தது. ஹெட்செட்டை மட்டும் ஒப்படைக்கவும், டாங்கிள், கேபிள் போன்ற துணைப்பொருட்களைச் சேர்க்க வேண்டாம், தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையாக அப்படியே கொடுத்தேன். ஆனால் இந்த ஹெட்செட்டின் அதிர்வு டாங்கிள் வழியாக இணைத்தால்தான் வேலை செய்யும், போனில் செருகுகிற 3.5 மி.மீ. வயரில் சத்தம் மட்டுமே வரும் என்று உங்கள் கையேட்டில் நீங்களேதான் அச்சடித்திருக்கிறீர்கள். சைக்கிள் பஞ்சர் என்று கடைக்குப் போனால், சக்கரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வா என்ற கதை இது.

இரண்டாம் முறை டாங்கிளை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, மேலே செலோடேப் சுற்றி, ‘இதைச் செருகினால்தான் அதிரும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஹெட்செட்டின் மேலேயே ஒட்டி அனுப்பினேன். 19 நாள் கழித்துத் திரும்பி வந்தது. பிரிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று செலோடேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்து விட்டிருந்தேன். அந்த மடிப்புகூடக் கலையவில்லை.

மூன்றாம் முறை அனுப்புவதற்கு முன் சாட்சி தயார் செய்தேன். ஹெட்செட்டைச் சாப்பாட்டு மேசையில் காதுப் பக்கம் மேலே தெரியும்படி மல்லாத்தி வைத்து, இரண்டு காது மெத்தைகள் மேலும் வெள்ளைத் தாளைப் போர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுகு போட்டேன். லேப்டாப்பில் 60 ஹெர்ட்ஸ் ஒலியை முதலில் வலது பக்கம் மட்டும் ஓடவிட்டேன். கடுகு எண்ணெயில் விழுந்தது போலத் துள்ளித் தாளின் ஓரத்துக்கு ஓடி, இரண்டு கடுகு மேசையிலிருந்தே குதித்துவிட்டது. அடுத்து இடது பக்கம் மட்டும். ஒன்றிரண்டு கடுகு சோம்பல் முறித்தது. அது ஸ்பீக்கரின் காற்று. மற்றதெல்லாம் கல்லுப்பிள்ளையார். “கடுகை வச்சு என்னல செய்யுத?” என்று அம்மா கேட்டது உட்பட 48 விநாடி வீடியோவாக உங்களுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி.’ கருத்து இல்லை ஐயா, கடுகு.

இங்கே உங்கள் சேகரிப்பு மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். இதைப் படித்துவிட்டு அவனுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிடாதீர்கள். மூன்றாம் முறை போனபோது ஜாப் ஷீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பவர், சார்ஜ், இடது ஒலி, வலது ஒலி, மைக். ஐந்து கட்டம். “சத்தம் வருதுல்லா அண்ணே? எனக்கு டிக் போட இந்த அஞ்சு கட்டந்தான் இருக்கு. அதிர்வுக்குக் கட்டமே இல்ல. இங்க கம்ப்யூட்டரும் இல்ல, என் போன்ல பாட்டுப் போட்டுத்தான் பாக்கேன்” என்றான். பழுது என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதற்கு முதலில் காகிதத்தில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லை. பெட்டியின் முன்பக்கத்தில் உள்ளங்கை அளவு எழுத்தில் ‘ஒலியை உணருங்கள்’ என்று போட்டு விற்ற ஒரே வசதிக்கு, உங்கள் சோதனைத் தாளில் அரை அங்குலக் கட்டம் இல்லை.

போன வாரம் தொலைபேசியில் உங்கள் மேலாளர் ஒருவர், அதிர்வு என்பது ‘ஒரு கூடுதல் அனுபவம்தானே சார், ஆடியோ பர்ஃபெக்டாக இருக்கிறதே’ என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த வாக்கியம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு இடது காது கிட்டத்தட்டக் கேட்காது. ஆறு வயதில் காதில் சீழ் வைத்து, செவிப்பறை போய்விட்டது. பேருந்தில் ஜன்னல் என் இடது பக்கம் வரும்படி பார்த்துத்தான் உட்காருவேன், பேசுகிறவர் வலது பக்கம் இருக்கட்டும் என்று. ஞாயிறு இரவுகளில் பழைய கல்லூரி நண்பர்கள் நாலு பேர் ஆன்லைனில் சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு ஊர், பிள்ளைகுட்டி தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம். அதில் இடது பக்கமிருந்து வந்தவனெல்லாம் என்னைச் சுட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். “உன் இடதுல டா” என்று எவனாவது கத்துவான். அதற்குள் நான் செத்திருப்பேன்.

உங்கள் ஹெட்செட்டை இதற்காக வாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினேன். முதல் ஞாயிறு, ஒரு மேட்டுக்குப் பின்னால் பதுங்கி இருந்தபோது இடது கன்னத்து எலும்பில் ஏதோ குறுகுறுவென்று ஏறியது. ஈ உட்கார்ந்ததோ என்று கையை எடுத்து உதறினேன். குறுகுறுப்பு கூடிக்கொண்டே வந்தது. ஜீப்! என் இடது பக்கம் ஒரு ஜீப் வருகிறது. நான் திரும்பினேன். யாரும் சொல்லாமல் நானாகத் திரும்பினேன். அன்றைக்கும் தோற்றுத்தான் போனோம், அது வேறு.

காலடி ஓசை அளவுக்கு மெல்லியது அந்த அதிர்வில் வராது. குண்டு, வண்டி, கனத்த துப்பாக்கி, இவைதான் வரும். எனக்கு அது போதும். அதிர வைக்கிற இடது மோட்டார் நின்றது ஏழாவது மாதம். இப்போது வலது மட்டும் அதிர்கிறது. கேட்கிற காதுக்குச் சத்தமும் உண்டு, அதிர்வும் உண்டு. கேட்காத காதுக்கு இரண்டும் இல்லை. உங்கள் தாளில் இதன் பெயர் ‘நோ ஃபால்ட்’.

அதிர்வு விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவர்கள் உங்களுக்கு முன்பும் இருந்தார்கள். 1997இல் நிண்டெண்டோ 64 என்ற வீடியோ கேம் கருவிக்கு, கையில் பிடிக்கும் கண்ட்ரோலரை அதிர வைக்கிற ரம்பிள் பேக் வந்தது. கண்ட்ரோலரின் அடியில் செருகுகிற, இரண்டு பென்சில் பேட்டரி போட்ட ஒரு டப்பா. அதே ஆண்டு சோனியின் டூயல்ஷாக் வந்தது, அதிர்வை உள்ளேயே வைத்த கண்ட்ரோலர். பிறகு 2006இல் சோனியின் அடுத்த கேம் கருவியான பிளேஸ்டேஷன் 3 வெளியானபோது கண்ட்ரோலரில் அதிர்வே இல்லை. காப்புரிமை வழக்கு ஒருபுறம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபுறம், அதெல்லாம் போன தலைமுறைச் சமாச்சாரம் என்று பேச்சு. 2007இல் வழக்கு சமரசமானது, அதே ஆண்டில் அதிர்வோடு டூயல்ஷாக் 3 வந்துவிட்டது. அத்தனை பெரிய கம்பெனியே ஆடுகிறவர்கள் கை கேட்கிறது என்று திரும்பி வந்தது. நம் தோலுக்கடியில் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக பசினியன் என்ற உணர்முனைகள் இருக்கின்றன, 250 ஹெர்ட்ஸ் வாக்கில் அவை மிகக் கூர்மையாக உணரும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். இடதுக்கு ஒரு மோட்டார், வலதுக்கு ஒரு மோட்டார் என்று தனித்தனியாக வைத்ததும் திசை தெரிய வேண்டும் என்றுதானே? பழைய பேஜர் மாதிரி சும்மா உறுமுவதற்கு ஒன்றே போதுமே. பொறியாளர் இரண்டு வைக்கிறார், சர்வீஸ் தாள் ஒன்றைக்கூட எண்ணவில்லை.

மதிப்பீடு என்று எடுத்துக்கொண்டால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்கட்டும். மைக் நன்றாக இருக்கிறது. நண்பர்கள் என் வீட்டு மிக்ஸி சத்தத்தைக் கேட்டுப் பழகியிருந்தார்கள், இப்போது கேட்பதில்லை. டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைக்கிறது, புளூடூத் மாதிரி உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்று இழுக்காது. ஆனால் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பக்கத்துத் துளையில் செருகினால் கரகரக்கும். அந்த போர்ட்டிலிருந்து கசிகிற மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது என்பது 2012இலேயே இன்டெல் எழுதி வைத்த விஷயம். நாலு அங்குல நீட்டிப்பு வயர் போட்டால் தீர்ந்தது. அந்த வயரைப் பெட்டியில் வைக்க உங்களுக்கு மனமில்லை. பேட்டரி 30 மணி நேரம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் கொசு அளவு நட்சத்திரக் குறி. அதிர்வை முழுதாக வைத்தால் எனக்குப் பத்து மணி நேரம் தாண்டியதில்லை. நானூறு கிராமுக்கு மேல் கனம். பங்குனி வெயிலில் ஏசி இல்லாத அறையில் அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர் உங்கள் வடிவமைப்புக் குழுவில் எவரும் இருக்க முடியாது. நாலே மாதத்தில், வியர்வையும் தேங்காயெண்ணெயும் பட்டுக் காது மெத்தையின் ரெக்ஸின் கருவேப்பிலைக் கருகல் மாதிரி உதிர்ந்தது. எழுந்தால் கன்னமெல்லாம் கறுப்புச் செதில்.

இதையெல்லாம் வாங்கும் முன் யாராவது சொன்னார்களா என்றால், இல்லை. பெட்டியைக் கத்தியால் கிழித்து, ‘வேற லெவல் ப்ரோ’ என்று இரண்டு குண்டு வெடிக்கும்வரை மாட்டியிருந்து, டிஸ்கவுண்ட் லிங்க் கொடுத்துவிட்டு எழுந்து போகிற மகராசன்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் மாட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தரும் பேசுவதில்லை. விற்கிறவரும் மாட்டிப் பார்ப்பதில்லை, புகழ்கிறவரும் மாட்டிப் பார்ப்பதில்லை, பழுது பார்க்கிறவரும் மாட்டிப் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் ஹெட்செட்டைத் தலையில் மாட்டுகிற ஒரே பைத்தியக்காரன் காசு கொடுத்து வாங்கியவன்தான் போலிருக்கிறது. புகாரை மூடியதும் மட்டும் கைபேசியில் டிங் என்று வந்துவிடும்: ‘எங்கள் சேவைக்கு 10க்கு எத்தனை மதிப்பெண்?’ ஒன்பதுக்குக் குறைந்தால் அந்தத் தம்பியின் சம்பளத்தில் கை வைப்பீர்களாம். அவன் கெஞ்சியதால் மூன்று முறையும் பத்து போட்டிருக்கிறேன். உங்கள் அறிக்கையில் நான் பரம திருப்தியான வாடிக்கையாளர்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், விற்பவர் எந்த வகையிலாவது உரிமை கொண்டாடிய தரத்தில் குறைவதும் அடங்கும். பெட்டியில் அச்சடித்தது அப்படிப்பட்ட உரிமை கொண்டாடல்தான். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, உங்கள் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலையாமல், வழக்குத் தொடுக்கலாம் என்பதும் அதே சட்டம்தான். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தும் சொல்லலாம். இன்னும் அழைக்கவில்லை. மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. எனக்கு நஷ்டஈடு வேண்டாம், புது ஹெட்செட் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. இடது மோட்டார் ஒன்று போதும்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். சோதனைத் தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: ‘அதிர்வு, இடது, வலது’. அதிர்வு உள்ள ஹெட்செட் வந்தால் டாங்கிளையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். சேகரிப்பு மையத்துக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் கொடுங்கள். யாராவது ஒருவர், இரண்டே நிமிடம், அதைத் தலையில் மாட்டிப் பார்க்கட்டும்.

திங்கள்கிழமை நான்காவது முறையாக அனுப்புகிறேன். டாங்கிள் உள்ளே இருக்கும், இந்தத் தடவை செலோடேப் சுற்றவில்லை. உங்கள் அலுவலகத்தில் தலையில் மாட்ட யாருக்கும் கூச்சமாக இருந்தால் உதவும் என்று அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தில் கடுகும் மடித்துக் கொடுத்திருக்கிறாள். கடுகைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மூன்று பத்து மதிப்பெண் போட்ட வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.