தம்பிக்கு: கல் தயார், வந்து எடுத்துப் போ

தம்பி,

அம்மாவின் முதல் வருஷத் திதி வருகிறது. தோசைக்கல்லை உன்னிடமே திருப்பித் தருவதென்று முடிவு செய்துவிட்டேன். உன் மொட்டைமாடியிலிருந்து அதை நான் தூக்கி வந்த அன்று நீ பேசியதும் நான் பேசியதும் நமக்குத் தெரியும். இதைப் பெரியப்பா வீட்டு ஆட்களும் படிப்பார்கள், அதனால் அதற்குள் போகவில்லை.

இவ்வளவு நாள் வைத்துக்கொண்டதற்கு மன்னித்துக்கொள். ஆனால் துருவோடு கொடுத்திருந்தால் நீ பழைய இரும்புக்குப் போட்டிருப்பாய். மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் கிடந்தது என் வீட்டில் இல்லை.

முதலில் விரிசல் பார்த்தேன். கல்லைக் கழுவிக் காயவைத்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்குக்கட்டியைப் பொடியாகப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு தெரியும். தெரியவில்லை. விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வீட்டில் சரிசெய்ய முடியாது, அதனால் இந்தச் சோதனைக்கு முன் துருவில் கை வைப்பது வீண் உழைப்பு.

அம்மாவுக்கு மண்ணெண்ணெயும் தேவைப்படவில்லை, சாக்குக்கட்டியும் தேவைப்படவில்லை. சின்ன வயதில், காய்ந்து புகைந்துகொண்டிருந்த கல்லில் நீ ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தாயே, ‘சொய்ங்’ சத்தம் கேட்க வேண்டும் என்று. அடுப்பை அணைத்துவிட்டு, யாரையும் தொடவிடாமல், கல் தானாக ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கல்லின் கைப்பிடிக் காதைப் பிடித்துத் தூக்கி, தோசைத் திருப்பியால் ஓரத்தில் நாலு இடத்தில் தட்டிக் கேட்டாள். நல்ல கல் ‘ணங்’ என்று இழுத்துப் பேசும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று அங்கேயே நிற்கும். வார்ப்பிரும்பில் கரி, அதாவது கார்பன், அதிகம், உள்ளே செதில் செதிலாக இருக்கும். சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் வளைந்து கொடுக்காது. மேல்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்க, அடிப்பக்கம் இன்னும் விரிந்தே இருந்தால் பிளந்துவிடும். அன்று தப்பித்தது உன் அதிர்ஷ்டம். நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு “உடைஞ்சிருச்சாக்கா?” என்று கேட்டாய். உன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. “குழந்தைக்கு என்ன தெரியும்” என்று அம்மா விட்டுவிட்டாள். அதே வாரம் பால் பொங்கி வழிந்ததற்கு எனக்கு விழுந்தது வேறு. குழந்தைக்கும் எனக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம்.

சரி, துருவுக்கு வருகிறேன். எடுத்தவுடன் அடுப்புத் தணலில் போட்டுச் சுட்டு எடுக்கச் சொல்வார்கள், கேட்காதே. கல் கோணிப் போகும். அளவு மீறிச் சுட்டால் மேல்பரப்பில் ஒரு செம்மை ஏறி, பிறகு எந்த எண்ணெயும் பிடிக்காது. வடித்த கஞ்சியைப் புளிக்கவிட்டு அதில் ஊறப்போட்டேன். தினமும் கஞ்சியை மாற்றி, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கஞ்சிக்கு அசையாத இடத்துக்கு மட்டும் வினிகரும் தண்ணீரும் சம அளவு. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் துருவைத் தின்றுவிட்டு இரும்பையும் தின்னத் தொடங்கும், கல் சொரசொரவென்று குழி விழுந்து வரும்.

துரு போனதும் கல் சாம்பல் நிறமாக இருக்கும். அப்போதுதான் அவசரம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, உடனே சிறுதீயில் ஏற்றிவிட வேண்டும். ஈரத்தோடு வைத்துவிட்டுப் போன் பேசப் போனால், திரும்பி வருவதற்குள் மஞ்சள் படர்ந்திருக்கும்.

பழக்கியது நல்லெண்ணெயில். மெல்லிய சூட்டில் ஒரு ஸ்பூன் விட்டு அடி, மேல், காது எல்லாம் தடவி, பிறகு உலர்ந்த துணியால் எண்ணெயே இல்லை என்று தோன்றுகிறவரை துடைத்தேன். எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகிறது, அந்தப் படலம்தான் ஒட்டாமல் காப்பது. தடிமனாகப் பூசினால் மேலே மட்டும் இறுகி உள்ளே பிசினாக நிற்கும். புகை வந்து அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி. ஐந்தாறு பூச்சாவது வேண்டும். கேஸ் அடுப்பு நடுவை மட்டும் காய்ச்சும், ஓரம் பச்சையாகவே இருக்கும். அதனால் கல்லை அடுப்பின் மையத்திலிருந்து தள்ளித் தள்ளி வைத்துச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது, அப்படி இறுகுகிற எண்ணெய் இல்லை அது. விளக்கெண்ணெய் ஊருக்குப் போகும்போது துரு வராமல் தடவி வைக்க நல்லது, பழக்குவதற்கு நல்லெண்ணெய்க்கு ஈடில்லை.

இனி உன் பொறுப்பு. முதல் வாரம் கல்தோசையும் ஊத்தப்பமும்தான். முறுகலாக விரித்து இழுக்காதே. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு மாவு ஊற்று. தக்காளி போட்டது எதுவும் முதல் மாதம் வேண்டாம், புளிப்பு படலத்தைக் கரைக்கும். தோசை ஒட்டினால் கல்லைத் திட்டாதே. பெரும்பாலும் கல் காயவில்லை, இல்லாவிட்டால் மாவு நேரே ஃபிரிட்ஜிலிருந்து வந்திருக்கும். கல் பிசுபிசுத்தால் எண்ணெய் அதிகம். கவிழ்த்துப் போட்டு மறுபடி புகை அடங்கும்வரை காய்ச்சு.

சப்பாத்தி வேண்டாம். எண்ணெயில்லாத சூட்டில் படலம் எரிந்து வெளுத்துப்போகும், மறுநாள் தோசை பிய்ந்துதான் வரும். உன் வீட்டில் ராத்திரி சப்பாத்திதான் என்று தெரியும். அதற்கு வேறு கல் வாங்கிக்கொள், விலை ஒன்றும் பெரிதில்லை. துளி சோப்பு போட்டுக் கழுவலாம், இப்போதைய பாத்திர சோப்பு படலத்தை ஒன்றும் செய்யாது. தொட்டியில் ஊறப்போடுவதுதான் கெடுதல், வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லி வை. கழுவியதும் இரண்டு நிமிடம் தீயில் காட்டி, கால் ஸ்பூன் எண்ணெய் தேய்த்து வை.

எனக்கு இந்தக் கல்லை விடப் பிடிக்கவில்லை. இங்கே வாரத்துக்கு ஒருநாள் தோசை வார்த்தால் அதிகம், உன் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் தினமும் கேட்கிறார்கள். தினமும் அடுப்பு ஏறினால்தான் இது நன்றாக இருக்கும். உனக்கு விட்டுக்கொடுத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நீயும்தான்.

கூரியரில் அனுப்ப மாட்டேன், ஒரு தரம் கீழே போட்டாலே உடையும். பொங்கலுக்கு வரும்போது போர்வையில் சுற்றி, காரில் கால்வைக்கும் இடத்தில் படுக்கவைத்து எடுத்துப் போ. ஆட்டுக்கல்லைப் பற்றி மட்டும் கேட்காதே. அது இங்கேதான் இருக்கும்.

அக்கா