பில்லில் இருந்த அந்தச் சில்லறை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டெக்சஸில் எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்டதால் இந்த மடலைத் தமிழிலும் எழுதுகிறேன்.

இதுவரை உங்கள் பில் தொகையை அடுத்த முழு டாலருக்கு ஏற்றி, அந்தச் சில்லறையைத் துப்பாக்கி உரிமைக்காக வாஷிங்டனில் வாதாடும் ஓர் அமைப்புக்கு அனுப்பிவந்தோம். வேண்டாம் என்பவர்கள் சொல்லலாம் என்று ஒரு சிறிய அறிவிப்பு ஒட்டியிருந்தோம். பலர் அதைப் பார்க்கவே இல்லை. அது எங்கள் தவறு. இந்த மாதத்தோடு அதை நிறுத்திவிட்டோம். கவுன்டரில் இருந்த உறுப்பினர் படிவங்களையும் எடுத்துவிட்டோம்.

காரணம், வருஷா வருஷம் மான் வேட்டைக்கு எங்களிடம் தோட்டா வாங்கும் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. "தம்பி, என் காசு யாருக்குப் போகுது? மெஷின் கன்னை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்றவங்களுக்கா?" என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி படித்தேன்.

மெஷின் கன் இந்த நாட்டில் அடியோடு தடை செய்யப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ட்ரிகரை ஒருமுறை இயக்கினால் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா தானாகப் பாயும் துப்பாக்கியைச் சட்டம் மெஷின் கன் என்கிறது. 1934-ல் அதற்குப் பதிவும், கைமாறும்போது 200 டாலர் வரியும் வந்தன. அன்று தாம்சன் என்ற மெஷின் கன் ஒன்றின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். முதலில் எழுதிய மசோதாவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் பெரிய அமைப்பான என்.ஆர்.ஏ. எதிர்த்தபிறகு அதை எடுத்துவிட்டு, மெஷின் கன், குட்டைக்குழல் துப்பாக்கி, சத்தம் குறைக்கும் சைலன்சர் போன்றவற்றுக்கான பதிவை விட்டுவைத்தார்கள்.

பெரிய திருப்பம் 1986-ல். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சாதகமான ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறும் தறுவாயில், நியூஜெர்சி உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குரல் வாக்கெடுப்பில் அது வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஓட்டு ஒழுங்காக நடக்கவில்லை என்ற கோபம் பலருக்கு இன்றும் ஆறவில்லை. மே 19 அன்று அதிபர் ரேகன் கையெழுத்திட்டார். அன்றைக்குள் பதிவான மெஷின் கன் மட்டுமே தனியார் கைக்கு வரலாம், புதியது வராது. வெளிமாநிலப் பயணத்துக்குப் பாதுகாப்பு, மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு தொடங்கத் தடை போன்றவை அதே மசோதாவில் இருந்ததால் என்.ஆர்.ஏ. அதைக் கைவிடவில்லை. நியாயமான பேரம்தான் என்பார் சிலர், எங்களை விற்றுவிட்டார்கள் என்பார் வேறு சிலர். எங்கள் கடையிலேயே இரண்டு பேச்சும் கேட்கும்.

தனியார் வாங்கி விற்கக்கூடிய மெஷின் கன்கள் சுமார் 1,75,000 என்கிறார்கள். புதிதாக ஒன்றும் சேராததால் விலை ஏறிக்கொண்டே போகிறது. பதிவான எம்-16 என்ற ராணுவ ரகத் துப்பாக்கி ஒன்று இன்று பல்லாயிரம் டாலர். அதனால் துப்பாக்கிக்காரர்களுக்குள்ளேயே ஒரு விரிசல். 1986 தடை நீங்க வேண்டும் என்று இளைஞர்கள் கொதிக்கிறார்கள். பழைய எம்-16 ஒன்றைச் சேமிப்பாக வைத்திருக்கும் ஒருவர், தடை போனால் தன் முதலீடும் போய்விடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். வேட்டைக்காரர்களுக்கோ இது எதுவும் பொருட்டில்லை. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே அமைப்பு எப்படிப் பேச முடியும்?

அமைப்புகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அதில் பயன்பட்ட பம்ப் ஸ்டாக்குக்கு (சாதாரணத் துப்பாக்கியை மெஷின் கன் போல வேகமாகச் சுடவைக்கும் துணைக்கருவி) கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று என்.ஆர்.ஏ.வே சொன்னது. அதன்பின் வந்த தடையை எதிர்த்து கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற இன்னொரு அமைப்பு நீதிமன்றம் போனது. கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது நம் ஆஸ்டின் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரர் மைக்கேல் கார்கில் தொடுத்த வழக்கு. பம்ப் ஸ்டாக் மெஷின் கன் ஆகாது என்று 2024 ஜூனில் 6-3 என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், என்.ஆர்.ஏ.வைப் பல ஆண்டுகள் நடத்திய வேய்ன் லாபியேர் அமைப்பின் பணத்தைத் தவறாகச் செலவழித்தார் என்று நியூயார்க்கில் ஜூரி முடிவு செய்தது. நாங்கள் சில்லறை அனுப்பியது வேறோர் அமைப்புக்கு. ஆனாலும் அந்தச் செய்தி என்னை உறுத்தியது.

என் கருத்தையும் மறைக்கவில்லை. 1934-ன் பதிவு முறை நல்லது. கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் தாண்டி வந்த துப்பாக்கியால் குற்றம் நடப்பது மிக மிக அரிது. 1986 தடை வந்த விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கைத்துப்பாக்கியின் பின்னால் மாட்டி அதை மெஷின் கன்னாக மாற்றும் 'ஸ்விட்ச்' என்ற சின்னத் துண்டு தெருத்தெருவாக உயிர் எடுக்கும் இந்த நேரத்தில், அந்தத் தடையை நீக்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் மாறாக நினைக்கலாம், அந்த உரிமை உங்களுடையது. அதனால்தான் உங்கள் காசை என் கருத்துக்கோ இன்னொருவர் கருத்துக்கோ அனுப்ப எனக்கு உரிமை இல்லை என்கிறேன்.

அந்த ஸ்விட்சைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது தனியாகக் கையில் இருந்தாலே சட்டப்படி மெஷின் கன், பத்து வருடம் வரை சிறை. தயவுசெய்து அதை எங்களிடம் கேட்காதீர்கள். இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

அப்புறம், 2026 ஜனவரி முதல் சைலன்சருக்கு 200 டாலர் வரி இல்லை. மெஷின் கன்னுக்கு அது அப்படியே இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளே, வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் நீங்கள் துப்பாக்கி வாங்குவதும் சரி, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் சரி, மத்திய சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் வருவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள்.

கடந்த ஓராண்டு ரசீதுகளில் நீங்கள் அறியாமல் போன சில்லறையைத் திருப்பித் தருகிறோம். ரசீதைத் தொலைத்திருந்தால் பரவாயில்லை, பெயரைச் சொன்னால் நாங்களே கணக்கில் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்